பை 3-ல் மெமரி கார்டு தெரியவில்லை: சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது, பச்சை அசையவே இல்லை

தெருமுனைப்_படிப்பகம்:

வணக்கம். எங்கள் தெருவில் மாலை நேரப் படிப்பகம் ஒன்று நடத்துகிறோம். அங்கே ஒரு ராஸ்பெர்ரி பை 3 மாடல் பி என்ற சின்னக் கணினி போர்டு இருக்கிறது. கிவிக்ஸ் போட்டு, தமிழ் விக்கிப்பீடியாவையும் பாடப் பிடிஎஃப்களையும் இணையம் இல்லாமலே பிள்ளைகள் வைஃபை வழியாகத் திறக்கிற மாதிரி வைத்திருந்தோம். இரண்டு வருடமாக ஒரு தொந்தரவும் இல்லை. போன செவ்வாய்க்கிழமை அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. திரும்ப வந்ததும் போட்டால் சிவப்பு விளக்கு எரிகிறது, பச்சை விளக்கு ஒரு தடவை கூடச் சிமிட்டவில்லை. டிவியில் எச்டிஎம்ஐ மாட்டினால் நோ சிக்னல்.

கார்டைக் கழற்றி விண்டோஸ் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். 'பூட்' என்று ஒரு சின்ன டிரைவ் திறக்கிறது, உள்ளே கோப்புகள் எல்லாம் பெயரோடு இருக்கின்றன. கூடவே இன்னொரு டிரைவ் வந்து 'ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்' என்கிறது, பயந்துபோய் கேன்சல் கொடுத்துவிட்டேன். அப்புறம் புதிதாக ஒரு 64 ஜிபி கார்டு வாங்கி, ஓஎஸ் இமேஜை இறக்கி அதில் காப்பி செய்து போட்டேன். அதிலும் இதே கதைதான். இரண்டு கார்டும் ஏறவில்லை என்றால் போர்டில் இருக்கிற ஸ்லாட்தான் போய்விட்டது என்று அர்த்தமா? போர்டு போனால் கூட வேறு வாங்கிக்கொள்ளலாம், ஆனால் பழைய கார்டில் பிள்ளைகள் ஒரு வருடமாகத் தட்டச்சு செய்த கதைகள் இருக்கின்றன. வேறு எங்கும் நகல் எடுத்து வைக்கவில்லை. அதுதான் மனசைப் பிசைகிறது.

பற்றாசு:

முதல் வேலை, அந்த ஃபார்மேட் கேள்விக்கு எப்போது வந்தாலும் கேன்சல்தான். கார்டில் இரண்டு பகுதி இருக்கிறது. முதலாவது ஃபேட்32, அதை விண்டோஸ் படிக்கும். இரண்டாவது லினக்ஸின் இஎக்ஸ்டி4, விண்டோஸுக்கு அது என்னவென்றே தெரியாது, அதனால் ஃபார்மேட் செய்யச் சொல்கிறது. கதைகள் அந்த இரண்டாவது பகுதியில்தான் இருக்கும். கேன்சல் கொடுத்தது நல்ல காரியம்.

அடுத்தது, புதிய கார்டை வைத்து நீங்கள் செய்த சோதனையைக் கணக்கில் சேர்க்கவே முடியாது. இமேஜ் கோப்பை கார்டுக்குள் காப்பி செய்வது வேறு, அதை கார்டில் எழுதுவது வேறு. காப்பி செய்தால் ஒரு பெரிய கோப்பு கார்டுக்குள் சும்மா கிடக்கும், அவ்வளவுதான். போதாததற்கு 64 ஜிபி கார்டுகள் கடையிலிருந்து வரும்போதே எக்ஸ்ஃபேட் முறையில் இருக்கும். பை 3-ன் சிப்புக்குள் இருக்கிற தொடக்க நிரலுக்கு ஃபேட்16, ஃபேட்32 மட்டும்தான் படிக்கத் தெரியும். ஆக அந்தக் கார்டை எந்தப் பை 3-ல் போட்டிருந்தாலும் எழுந்திருக்காது. உங்கள் ஸ்லாட்டைப் பற்றி இதுவரை ஒன்றுமே தெரியவில்லை.

ராஸ்பெர்ரி பை இமேஜர் மென்பொருளை லேப்டாப்பில் நிறுவி, புதிய கார்டில் ஓஎஸ்ஸின் லைட் பதிப்பை எழுதுங்கள். பிரித்தல், ஃபார்மேட் எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். அதைப் போட்டதும் பச்சை விளக்கு ஒழுங்கில்லாமல் துடித்தால் போர்டு கார்டைப் படிக்கிறது என்று பொருள். 4 முறை சிமிட்டி நின்று, மறுபடி 4 முறை என்று வந்தால் ஸ்டார்ட்.எல்ஃப் என்ற தொடக்கக் கோப்பு கிடைக்கவில்லை, 7 முறை என்றால் கெர்னல், அதாவது ஓஎஸ்ஸின் மையக் கோப்பு, கிடைக்கவில்லை. அசையவே இல்லை என்றால் மட்டும் ஸ்லாட்டைச் சந்தேகப்படலாம். பை 4 என்றால் திரையிலேயே எழுத்தில் காட்டிவிடும், அதன் பூட்லோடர், அதாவது ஓஎஸ்ஸை எழுப்பும் நிரல், போர்டிலேயே தனிச் சிப்பில் இருக்கிறது. பை 3-ல் அது இல்லை, முதல் கோப்பே கார்டிலிருந்துதான் வர வேண்டும், அதனால் நமக்கு இந்தப் பச்சை விளக்கை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

உப்பளம்:

தம்பி, ஸ்லாட்டையும் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடுங்கள். நான் இருப்பது தூத்துக்குடி, கடல் காற்றில் ஆறு மாதம் சும்மா கிடந்தாலே கம்பி முனைகளில் பச்சை பூத்துவிடும், இங்கே நான் பார்த்த 'கார்டு தெரியவில்லை' கேஸ்களில் பாதி வெறும் அழுக்குதான். பை 2-ல் கார்டை அழுத்தினால் 'க்ளிக்' என்று பிடித்துக்கொள்ளும், 3-ல் அந்த ஸ்பிரிங் கிடையாது, வெறும் உராய்வில்தான் நிற்கிறது. அதனால் அரைகுறையாக உள்ளே போனாலும் போனது மாதிரியே தெரியும். முதலில் போர்டைப் பெட்டியிலிருந்து முழுக்கக் கழற்றி வெறும் போர்டாக வைத்துப் பாருங்கள். சில மலிவான பெட்டிகளின் அடிப்பாகம் கார்டின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, உள்ளே இருக்கிற முனைகள் சரியாகத் தொடாமல் செய்துவிடும்.

மைக்ரோ எஸ்டி கார்டில் 8 தங்க முனைகள் இருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சு முனையை நனைத்து மெதுவாகத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், தங்கப் பூச்சு போய்விட்டால் அப்புறம் துரு பிடிப்பதைத் தடுக்கவே முடியாது. ஸ்லாட்டின் நான்கு மூலையிலும் பற்று (சால்டர்) வைத்திருப்பார்கள், டார்ச் அடித்துப் பார்த்தால் மயிரிழை விரிசல் தெரியும். விரலால் ஸ்லாட்டை லேசாக அழுத்திப் பிடித்தபடி கரண்ட் கொடுத்தால் எழுந்திருக்கிறது என்றால் அந்த விரிசல்தான் காரணம்.

தெருமுனைப்_படிப்பகம்:

அண்ணா, இருவருக்கும் நன்றி. பெட்டியைக் கழற்றினேன், துடைத்தேன். பழைய கார்டில் மாற்றம் இல்லை. இமேஜர் வைத்து 64 ஜிபியில் எழுதிப் போட்டதும் பச்சை விளக்கு படபடவென்று துடித்து டிவியில் எழுத்து ஓட ஆரம்பித்துவிட்டது! ஸ்லாட் நன்றாக இருக்கிறது. அப்படியானால் பழைய கார்டுதான் செத்துவிட்டதா? லேப்டாப்பில் மட்டும் எப்படித் திறக்கிறது?

பற்றாசு:

செத்த கார்டு லேப்டாப்பில் இப்படிப் பெயர் பெயராகக் கோப்பைக் காட்டாது. எனக்கு வேறு சந்தேகம். அந்தச் சின்ன டிரைவில் கோப்புகளின் பெயரைப் பார்த்தீர்கள், அளவைப் பார்த்தீர்களா? பை முதலில் படிக்கிற பூட்கோட்.பின் சுமார் 52 கேபி இருக்க வேண்டும், ஸ்டார்ட்.எல்ஃப் 3 எம்பிக்குப் பக்கத்தில். அப்டேட் இந்தக் கோப்புகளைப் புதிதாக எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் கரண்ட் போனால், ஃபேட் முறையில் பெயர் மட்டும் பதிவாகி உள்ளடக்கம் 0 ஆக நின்றுவிடுவது உண்டு. முதல் கோப்பே வெறுமை என்றால் பச்சை விளக்கு எப்படி அசையும்?

ஆனால் அதைத் தொடுவதற்கு முன்னால் கதைகளை வெளியே எடுங்கள். இப்போது ஓடுகிற புதிய கார்டிலேயே பையை இயக்கி, பழைய கார்டை யூஎஸ்பி ரீடரில் செருகுங்கள். டிரைவ்களைப் பட்டியலிடுகிற எல்எஸ்பிஎல்கே கட்டளை கொடுத்தால் எஸ்டிஏ என்ற பெயரில் வரும், எஸ்டிஏ2 தான் உங்கள் இஎக்ஸ்டி4 பகுதி. மவுண்ட் செய்யும்போது 'ஆர்ஓ, நோலோட்' என்ற இரண்டு விருப்பத்தையும் சேருங்கள். படிக்க மட்டும் திறக்கும், பாதியில் நின்ற ஜர்னலை (மாற்றங்களின் பதிவேட்டை) கூடத் தொடாது, கார்டில் ஒரு பிட் கூட மாறாது. ஹோம் கோப்புறையை அப்படியே பென்டிரைவுக்கு நகல் எடுத்துவிட்டு, நகலில் நாலைந்து கோப்புகளைத் திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள். அதுவரை எஃப்எஸ்சிகே என்ற பழுதுபார்ப்புக் கட்டளையை ஓட்டாதீர்கள்.

தெருமுனைப்_படிப்பகம்:

கதைகள் வந்துவிட்டன! எல்லாமே திறக்கின்றன. நீங்கள் சொன்ன மாதிரியே பூட்கோட்.பின் 0 பைட். ஸ்டார்ட்.எல்ஃப் 1 எம்பியோடு பாதியில் நிற்கிறது. புதிய கார்டின் பூட் பகுதியிலிருந்து எல்லாவற்றையும் அள்ளிப் பழைய கார்டில் போட்டுவிடலாமா?

பற்றாசு:

அள்ளிப் போடாதீர்கள். சிஎம்டிலைன் என்ற டெக்ஸ்ட் கோப்பில் அந்தந்தக் கார்டின் ரூட் பகுதிக்கான (அந்த இஎக்ஸ்டி4 பகுதிதான்) அடையாள எண் எழுதியிருக்கும். புதியதை அங்கே போட்டால் பழைய கார்டு தன்னிடம் இல்லாத ஒரு பகுதியைத் தேடிக்கொண்டே நிற்கும். கெர்னலையும் மாற்ற வேண்டாம், பழைய ரூட்டில் இருக்கிற மாட்யூல்களோடு (கெர்னலின் துணைக் கோப்புகளோடு) பொருந்தாது. பூட்கோட்.பின், ஸ்டார்ட்.எல்ஃப், அதன் ஜோடியான ஃபிக்ஸ்அப்.டாட், இந்த மூன்று மட்டும் போதும். 7 முறை சிமிட்டினால் கெர்னல் கோப்பும் அறுந்திருக்கிறது, அப்போது விட்டுவிடுங்கள். எழுந்தாலும் அமைப்புகளைப் பார்த்துக் குறித்துக்கொள்ளத்தான் அது. அப்டேட் பாதியில் நின்ற ஒரு கார்டை நம்பிப் படிப்பகத்தை நடத்தக் கூடாது. புதிதாக நிறுவுவதே நல்லது.

ஒன்றும்சுழியும்:

கார்டு விஷயம் முடிந்த மாதிரி தெரிகிறது, நான் கரண்ட் பக்கம் கேட்கிறேன். எந்தச் சார்ஜர்? பை 3-க்கு 5 வோல்ட், 2.5 ஆம்பியர் வேண்டும். போன் சார்ஜரும் மெல்லிய கேபிளும் சேர்ந்தால் வைஃபை வேலை செய்யும் நேரத்தில் மின்னழுத்தம் 4.63-க்குக் கீழே போய்விடும், சிவப்பு விளக்கு மினுக்கி மினுக்கி எரியும். அந்த நிலையில் எழுதுவதெல்லாம் கார்டுக்கு ஆபத்து. விசிஜென்கமாண்ட் என்ற கட்டளை வழியாக 'கெட் த்ராட்டில்டு' என்று கேட்டுப் பாருங்கள். 0எக்ஸ்0 வந்தால் நிம்மதி. 0எக்ஸ்50000 வந்தால், இயக்கியதிலிருந்து எப்போதோ மின்னழுத்தம் குறைந்திருக்கிறது, வேகமும் குறைக்கப்பட்டிருக்கிறது.

அப்புறம் ராஸ்பி கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியில் ஓவர்லே ஃபைல் சிஸ்டம் என்று ஒரு வசதி இருக்கிறது, பிள்ளைகள் புழங்குகிற இடத்துக்கு இதைவிட நல்லது எதுவும் இல்லை. எழுதுவதெல்லாம் ரேமில் போகும், கார்டு படிக்க மட்டும் பயன்படும், யார் பிளக்கைப் பிடுங்கினாலும் பாதகமில்லை. ரீபூட் ஆனால் எழுதியது மறைந்துவிடும் என்பதால் கதைகளுக்குத் தனியாக ஒரு பென்டிரைவ் வையுங்கள்.

இன்னொன்று. ஸ்லாட் நன்றாக இருக்கும்போதே யூஎஸ்பி பூட்டையும், அதாவது கார்டு இல்லாமல் யூஎஸ்பி டிரைவிலிருந்து எழுவதையும், திறந்து வைத்துவிடலாம். கான்ஃபிக் கோப்பில் 'புரோகிராம் யூஎஸ்பி பூட் மோட் = 1' என்ற வரியைச் சேர்த்து ஒரு முறை ரீபூட் செய்தால் சிப்பில் நிரந்தரமாகப் பதிந்துவிடும், திரும்ப எடுக்க முடியாது, எடுக்க வேண்டிய தேவையும் வராது. 3பி பிளஸ்ஸில் இது ஆலையிலேயே வரும், 3பியில் நாம்தான் செய்ய வேண்டும், செய்வதற்கு ஒரு முறையாவது கார்டிலிருந்து எழுந்தாக வேண்டும். ஸ்லாட் உடைந்த பிறகு நினைத்தால் வழியில்லை.

தெருமுனைப்_படிப்பகம்:

மூன்று கோப்பையும் மாற்றியதும் பழைய கார்டு எழுந்துவிட்டது. வைஃபை, கிவிக்ஸ் அமைப்புகளை எல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு புதிய கார்டில் நிறுவிவிட்டேன். த்ராட்டில்டு கேட்டால் 0எக்ஸ்50000 வந்தது, இத்தனை நாள் ஒரு பழைய போன் சார்ஜரில்தான் ஓட்டியிருக்கிறோம். 2.5 ஆம்பியர் அடாப்டர் வாங்கி மாட்டியதும் 0எக்ஸ்0. யூஎஸ்பி பூட் வரியும் சேர்த்தாயிற்று. கதைகள் இப்போது பென்டிரைவில் ஒன்று, என் லேப்டாப்பில் ஒன்று, இன்னொரு நகல் பிள்ளைகளின் ஆசிரியையிடம். ஓவர்லேயை இன்று இரவு போடுகிறேன். சனிக்கிழமை பிள்ளைகள் வருவதற்குள் தயாராகிவிடும்.