அண்ணன் கையெழுத்து போடும் ஸ்டேஷனை மாற்ற வழி உண்டா?

எல்லோருக்கும் வணக்கம். ஆயுள் தண்டனையில் 15 வருடம் உள்ளே இருந்த என் அண்ணன், போன தை மாதம் நிபந்தனையோடு முன்விடுதலை ஆகி வந்தார். வாரம் ஒரு முறை, திங்கட்கிழமை காலை எங்கள் ஊர் ஸ்டேஷனில் கையெழுத்து போட வேண்டும்.

இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை கிடைத்திருக்கிறது. ஞாயிறு ராத்திரி பஸ் ஏறி விடியற்காலை வந்து சேருகிறார். கையெழுத்து நோட்டை பாலிதீன் கவரில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, ரைட்டர் வரும்வரை வெளித் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். சில நாள் பதினொன்று ஆகிவிடும். திங்கள் சம்பளம் போச்சு. இப்படியே போனால் வேலையும் போய்விடும்.

நிபந்தனையை மீறினால் தண்டனைக் குறைப்பை அரசு ரத்து செய்யலாம் என்று பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 473-வது பிரிவு சொல்கிறது. அதனால் காய்ச்சலோடும் வருகிறார். குஜராத் வழக்கு ஒன்றில், இப்படிப்பட்ட நிபந்தனைகள் நியாயமாக இருக்க வேண்டும், விளக்கம் கேட்காமல் ரத்து செய்யக் கூடாது என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் படித்த பிறகுதான் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

கையெழுத்தை திருப்பூர் ஸ்டேஷனுக்கு மாற்ற மனு யாருக்குக் கொடுப்பது? சிறைக் கண்காணிப்பாளருக்கா, உள்துறைக்கா, நன்னடத்தை அலுவலர் வழியாகவா? கம்பெனியில் கடிதம் வாங்க வேண்டுமா? அவருடைய பழைய கதை அங்கே தெரியாது, அதுதான் பயம். இதைச் செய்து முடித்தவர்கள், வக்கீல்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.