உதவி: அப்பாவின் கண் திசு அறிக்கையில் கி-67, பி53, பி16 என்றிருப்பதை எப்படிப் புரிந்துகொள்வது?

கேள்வி (சுங்கை சிப்புட்)

அனைவருக்கும் வணக்கம். தோட்டத்தில் பல ஆண்டுகள் வெயிலில் செம்பனைக் குலை அறுத்த என் அப்பாவின் வலது கண்ணில், கருவிழி ஓரமாக, வெண்மையாகத் தடித்த சதை ஒன்று வளர்ந்தது. மருத்துவர் அதை அறுத்தெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். செதிள் உயிரணுப் புற்று, மேலடுக்குக்குள் மட்டும் உள்ளது என்று அறிக்கை வந்திருக்கிறது. கூடவே, கி-67 மேலடுக்குகள் வரை காணப்படுகிறது, பி53 அடர்த்தியாக உள்ளது, பி16 நேர்மறை என்றும் எழுதியிருக்கிறார்கள். பி16 என்றால் தொற்றுக் கிருமி என்று எங்கோ படித்த அண்ணன், அப்பாவின் குளியல் துண்டைத் தனியாகப் பிரித்து வைத்துவிட்டார். அப்பா ஒன்றும் கேட்கவில்லை, எனக்குத்தான் தாங்கவில்லை. தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

பதில் (நோய்க்கூறு ஆய்வுக்கூடப் பணியாளர், குளுவாங்)

தங்கச்சி, அந்தத் துண்டை முதலில் பழைய இடத்திலேயே வையுங்கள். பி16 கிருமி அன்று, நம் உயிரணுக்களே உண்டாக்கும் புரதம். கருப்பைவாயில் அது மிகுந்து தெரிந்தால் பாப்பிலோமா வைரஸின் அடையாளமாகக் கொள்வார்கள். கண்ணின் மேற்பரப்பில் அந்தக் கணக்கு அப்படியே பொருந்துவதில்லை.

உங்கள் அப்பாவின் வெயில் வாழ்க்கையோடு பொருந்திப் போவது பி53 தான். நலமான உயிரணுவில் இந்தப் புரதம் உண்டான வேகத்திலேயே சிதைந்துவிடும். புற ஊதாக் கதிரால் அதன் மரபணு பழுதுபட்டால், பழுதான புரதம் சிதையாமல் உட்கருவில் தேங்குவதால், சாயமிட்ட தகட்டை நுண்ணோக்கியில் பார்க்கும்போது உட்கருக்கள் வரிசையாக அடர்பழுப்பாகத் தெரியும். கி-67 என்பது பெருகும் உயிரணுக்களில் மட்டுமே இருக்கும் புரதம். இயல்பாக அடியடுக்கோடு நின்றுவிட வேண்டியது மேலேறியிருப்பதால், பெருக்கம் கட்டுப்பாட்டை இழந்திருக்கிறது என்று பொருள்.

இவை நோயை உறுதிசெய்ய உதவுகின்றனவே தவிர, எவ்வளவு பரவியது என்பதைச் சொல்வதில்லை. மேலடுக்குக்கு அடியிலுள்ள மெல்லிய அடித்தளச் சவ்வைத் தாண்டவில்லை என்பதே உங்கள் அறிக்கையின் நல்ல செய்தி. வெட்டு விளிம்பைப் பற்றி, அதாவது அறுத்தெடுத்த சதையின் ஓரத்தைப் பற்றி, என்ன எழுதியிருக்கிறார்கள்?

கேட்டவர்

நன்றி அண்ணா. மூக்குப் பக்க விளிம்பில் மாறுபட்ட உயிரணுக்கள் எஞ்சியுள்ளன என்றிருக்கிறது. அத்தைக்கும் கீழிமையில் ஆறாத புண் ஒன்று இருக்கிறது. அதற்கும் இதே சோதனைகள்தாமா?

பதில் (ஓய்வுபெற்ற கண் பிரிவுத் தாதி)

மகளே, விளிம்பில் எஞ்சியிருந்தால் மீண்டும் வளரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், சந்திப்பை முன்னதாகத் தரும்படி அறிக்கையைக் காட்டியே கேளுங்கள். மைட்டோமைசின், ஃப்ளூரோயூராசில், இன்டர்ஃபெரான் போன்ற சொட்டு மருந்துகளும் மறு அறுவையும் உண்டு. எது ஏற்றது என்பதை மருத்துவர் முடிவு செய்வார். எச்ஐவி பரிசோதனை கேட்டால் மனம் நோக வேண்டாம். எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும் இந்நோய் வருவதால்தான் கேட்கிறார்கள்.

பதில் (ஆய்வுக்கூடப் பணியாளர்)

இமையில் அடித்தள உயிரணுப் புற்றும் செதிள் உயிரணுப் புற்றும் எண்ணெய்ச் சுரப்பிப் புற்றும் ஒன்றைப் போலவே மற்றொன்று தோன்றும். பெர்-இபி4 சாயம் பொதுவாக அடித்தள உயிரணுப் புற்றில் பிடிக்கும், செதிள் உயிரணுப் புற்றில் பிடிக்காது. எண்ணெய்ச் சுரப்பிப் புற்றை அடிபோஃபிலின் என்ற சாயச் சோதனை காட்டிக்கொடுக்கும். ஆனால் சிறு துண்டுத் திசு கையில் கிடைத்தால்தான் இவற்றில் எதையும் பார்க்க முடியும். அப்பாவின் சந்திப்பன்றே அத்தையையும் அழைத்துப் போங்கள். புண்ணுக்கு இனிக் களிம்பு தடவிக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.