மொட்டை மாடி வானிலைக் கருவியின் சிக்னல் முதல் மாடிக்கு வருவதில்லை, உதவி தேவை

மடிப்பாக்கம்_மழை:
வணக்கம். எங்களுடையது தரைத்தளத்துக்கு மேல் மூன்று மாடி உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு. நாங்கள் முதல் மாடி. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஜி.ஐ. பைப் நட்டு, மழை, காற்று, வெப்பம் மூன்றையும் அளந்து 433 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் அனுப்பும் சென்சாரைப் பொருத்தியிருக்கிறோம். டிஸ்ப்ளே அதற்கு நேர் கீழே எங்கள் ஹாலில், டிவி பக்கத்தில் இருக்கிறது. கோடையில் விட்டு விட்டாவது அளவு வந்தது. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதிலிருந்து பாதி நாள் அளவுக்குப் பதில் வெறும் கோடுகள்தான். போன வாரம் ராத்திரி கொட்டித் தீர்த்தபோது நான்கு மணி நேரம் ஒன்றுமே வரவில்லை.

எங்கள் தெருவில் தண்ணீர் ஏறினால் முதலில் முங்குவது கீழே நிற்கும் வண்டிகளும் மோட்டார் ரூமும்தான். மழையின் வேகம் தெரிந்தால் எல்லோரையும் எழுப்பிவிடலாம். அதற்காகத்தான் இதை வாங்கினேன். 100 மீட்டர் எட்டும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. இங்கே பத்து மீட்டர் சொச்சம்தான். பூஸ்டர் வாங்கணுமா? ஆன்டெனா மாற்றலாமா?

அடையாறு_பால்கனி:
அந்த 100 மீட்டர் திறந்தவெளிக் கணக்கு மேடம். நடுவில் கம்பி கட்டிய கான்கிரீட் தளம் மூன்று இருக்கிறதே. சென்சாரில் என்ன பேட்டரி போட்டிருக்கிறீர்கள்? சார்ஜ் ஏற்றும் வகை என்றால் 1.2 வோல்ட்தான், சாதாரண ஆல்கலைன் புதிதில் 1.5. பல சென்சார்களுக்கு அந்த வித்தியாசமே போதும், சிக்னல் சோர்ந்துவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது.

பழைய_ரேடியோ:
பூஸ்டருக்குப் பணம் போடாதீர்கள் மேடம். டிஸ்ப்ளே பக்கம் வைக்கும் பூஸ்டர், சிக்னலோடு சேர்த்து அங்கே இருக்கும் இரைச்சலையும்தான் பெரிதாக்கும்.

சென்சாருக்கு நேர் கீழே டிஸ்ப்ளே என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் இருப்பதிலேயே மோசமான இடம். ஒரு டியூப் லைட்டைச் செங்குத்தாகத் தொங்கவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் சுற்றிலும் பக்கவாட்டில் பரவும், முனைக்கு நேர் கீழே அவ்வளவாக வராது. நிமிர்ந்து நிற்கும் ஆன்டெனாவும் அப்படித்தான். பெரும்பாலான சென்சார்களில் ஆன்டெனா நிமிர்ந்துதான் இருக்கும். அதனால் டிஸ்ப்ளேயைப் பக்கவாட்டில் தள்ளி, மாடிப்படி அல்லது வெளியே பார்க்கும் ஜன்னல் பக்கம் கொண்டுபோங்கள். சிக்னல் தளத்தைத் துளைத்து வருவதைவிட மாடிப்படி வழியாகவும் ஜன்னல் வழியாகவும் சுலபமாக இறங்கி வரும்.

எந்த இடம் என்று கண்டுபிடிக்க, டிஸ்ப்ளேயில் பேட்டரி போட்டு, அடாப்டரைக் கழற்றிவிட்டு, மொட்டை மாடியிலிருந்து ஒவ்வொரு மாடியாக இறங்கி வாருங்கள். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு நிமிடம் நில்லுங்கள். ஹாலில் அடாப்டர் இல்லாமல் நன்றாக வந்து, செருகியதும் போனால், குறை அடாப்டரில். டிவி, இன்வெர்ட்டர், மட்டமான எல்.இ.டி. பல்பு எல்லாமே இரைச்சல் கிளப்பும். இரண்டு மீட்டராவது தள்ளி வையுங்கள்.

இன்னொன்று. வீட்டுக்குள் சிக்னல் அலைகள் சுவர்களில் பட்டுத் திரும்பி, சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துவிடும். 433-இல் அலையின் நீளம் ஏறக்குறைய 69 செ.மீ. அதனால் ஒரு சாண் நகர்த்தினாலே நிலைமை மாறலாம். வரவில்லை என்று முடிவு செய்யும் முன் அங்கேயே ஒரு சாண் இப்படியும் அப்படியும் நகர்த்திப் பாருங்கள்.

ஆன்டெனா கடைசி வழி. டிஸ்ப்ளேக்குள் இருக்கும் கம்பியை எடுத்துவிட்டு 17.3 செ.மீ. நீளத்தில் நேரான கம்பி வைக்கலாம், அது கால் அலை நீளம். சென்சாரை மட்டும் திறக்காதீர்கள். அதன் ரப்பர் அடைப்பு ஒருமுறை விட்டுப்போனால் அடுத்த மழைக்குத் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும்.

அப்புறம், இந்த அலைவரிசையை மழை அப்படியொன்றும் தடுக்காது. மழை வரும்போது மட்டும் சிக்னல் சாகிறது என்றால் பேட்டரி அறையில் ஈரம் இறங்குகிறதா என்று பாருங்கள்.

மடிப்பாக்கம்_மழை:
சார், இரண்டும் இருந்தது! பேட்டரி மூடியைக் கழற்றினால் ஸ்பிரிங்கில் பச்சையாகப் பாசி மாதிரி படிந்திருந்தது, இன்னொரு முனையில் வெள்ளைப் பொடி. மூடியின் ரப்பர் வளையம் ஒரு ஓரம் மடங்கிக்கிடந்தது. உள்ளே இருந்தவை சார்ஜ் ஏற்றும் பேட்டரிகள்தான். எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சால் துடைத்து, காயவிட்டு, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்ததும் உலோகம் பளிச்சென்று தெரிந்தது. வளையத்தை நேராக்கி, புது ஆல்கலைன் போட்டேன்.

ஹாலில் சிக்னல் அளவு ஒரு கோடு வந்தது. சமையலறையில் மாடிப்படியைப் பார்த்த ஜன்னலுக்குக் கொண்டுபோனதும் மூன்று! ஒரு கேள்வி: அந்த நான்கு மணி நேர மழைக் கணக்கு போனது போனதுதானா? சென்சாரைக் கைப்பிடிச்சுவர் ஓரமாக நகர்த்தினால் இன்னும் நன்றாக வருமா?

அடையாறு_பால்கனி:
மொத்த அளவு போயிருக்காது. பல சென்சார்கள், உள்ளே மழைநீர் நிரம்பியதும் கவிழும் சின்னத் தொட்டி எத்தனை முறை கவிழ்ந்தது என்ற கூட்டுக் கணக்கையே ஒவ்வொரு முறையும் அனுப்பும். தொடர்பு வந்ததும் மொத்தம் சேர்ந்துவிடும், எந்த மணியில் எவ்வளவு என்பதுதான் போகும். ஆனால் பேட்டரியைக் கழற்றினால் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கலாம். அடுத்த முறை மாற்றும் முன் அளவைக் குறித்துவையுங்கள். நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் வானிலை நிலையங்களின் கணக்கோடு ஒப்பிட நினைத்தால் பேட்டரியைக் காலை எட்டரைக்கு மாற்றுங்கள். அவர்கள் நாள் கணக்கு எட்டரையிலிருந்து எட்டரை.

பழைய_ரேடியோ:
சிக்னலுக்காக மழைமானியை ஓரத்துக்குக் கொண்டுபோகவே போகாதீர்கள் மேடம். கைப்பிடிச்சுவரில் மோதும் காற்று மேலே சுழன்று மழையைத் தள்ளிவிடும், அளவு குறைவாகக் காட்டும். நகர வேண்டியது டிஸ்ப்ளேதான். தண்ணீர்த் தொட்டி பக்கமும் சரியில்லை, சாய்ந்து விழும் மழையை அது மறைக்கும். மானிக்கு மேல் தொட்டி எவ்வளவு உயரம் நிற்கிறதோ, அதைப்போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி நடுங்கள்.

மடிப்பாக்கம்_மழை:
நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு நல்ல மழை. ஒரு தடவைகூடச் சிக்னல் விடவில்லை. வேகம் ஏறுவதைப் பார்த்துக் கீழ்வீட்டு அண்ணனை எழுப்பினேன், வண்டிகளை எல்லாம் மேட்டுக்கு ஏற்றிவிட்டோம். இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பைப்பைத் தொட்டியிலிருந்து தள்ளி நடுவதை மழை விட்டதும் ஜனவரியில் செய்கிறேன், இப்போது மாடித் தளத்தைக் கொத்தினால் ஒழுகும்.