உருமாறும் லெஜண்டரி ஆயுதம்: கூல்டவுன் வேண்டுமா, வேண்டாமா?

உலைக்களம்:
நாங்கள் செய்துகொண்டிருக்கும் ஆன்லைன் ஃபேன்டஸி கேமுக்கு ஒரு லெஜண்டரி (ஆக உயர்ந்த படி) ஆயுதம் வரைந்திருக்கிறேன். ஈட்டி, வில், கேடயம் என மூன்று உரு. பட்டனைத் தட்டினால் அரை நொடியில் மாறிவிடும், கூல்டவுன் (மறுபடி மாற்றக் காத்திருக்கும் நேரம்) கிடையாது. அதை அடையவே மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். அப்படி உழைத்தவருக்கு இந்தச் சுதந்திரமாவது இருக்கட்டுமே என்பது என் எண்ணம். எங்கே இடிக்கிறது, சொல்லுங்கள்.

கேடயக்காரி:
எங்கே இடிக்கவில்லை என்று கேளுங்கள். நான் டேங்க் ஆடுகிறவள், அணிக்காக முன்னே நின்று அடி தாங்குவதே என் வேலை. பாஸ் (பெரிய எதிரி) ஓங்கி அடிக்கும் அந்த ஒரு நொடிக்கு மட்டும் கேடயத்தைத் தூக்கிவிட்டு, உடனே ஈட்டியோடு டேமேஜ் போட ஒருவரால் முடியும் என்றால், முழு நேரமும் கேடயத்தோடு நிற்கிற என்னை யார் பார்ட்டியில் (அணியில்) சேர்ப்பார்கள்? அவர் உழைத்ததற்கு நான் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

உலைக்களம்:
அதற்காகப் பூட்டுப் போட்டால் உருமாறும் ஆயுதம் எதற்கு? கில்ட் வார்ஸ் 2 என்ற கேமில் கையில் இருக்கும் ஆயுதத்தைப் பொறுத்துத்தான் முதல் ஐந்து ஸ்கில். சண்டைக்கு நடுவே ஆயுதம் மாற்றினால், பெரும்பாலான கிளாஸ்களுக்கு (பாத்திர வகைகளுக்கு) அடுத்த மாற்றத்துக்கு 10 நொடி ஆகும். தவறான ஆயுதத்தோடு அந்த 10 நொடி நின்றவருக்குத்தான் எரிச்சல் தெரியும்.

வில்லாளி:
அந்த எரிச்சல்தானே ஆட்டம்! எப்போது மாற்றலாம் என்று யோசிக்க வைப்பதே அதுதான். உங்கள் ஆயுதத்தில் யோசிக்க என்ன இருக்கிறது? எதிரி தூரத்தில் நின்றால் வில், கிட்டே வந்தால் ஈட்டி, அடிக்க ஓங்கினால் கேடயம். இதைப் பட்டனைத் தானாகத் தட்டும் ஒரு மேக்ரோவே செய்துவிடும்.

அப்புறம், கில்ட் வார்ஸ் 2-ஐ இழுத்தால் முழுதாக இழுங்கள். அதில் லெஜண்டரி ஆயுதத்துக்கும் அதற்குக் கீழ்ப்படியான அசெண்டட் ஆயுதத்துக்கும் பலம் ஒன்றேதான். சண்டைக்கு வெளியே ஸ்டேட்ஸை (தாக்குதல், தற்காப்பு போன்ற எண்களை) இஷ்டம்போல மாற்றிக்கொள்ளலாம், தோற்றம் பிரமாதமாக இருக்கும், அவ்வளவுதான். அதற்கே ஆட்கள் மாதக்கணக்கில் பொருள் சேர்க்கிறார்கள். உழைப்புக்குப் பரிசாகப் பலத்தைத்தான் தர வேண்டும் என்று யார் சொன்னது?

பழைய கோடாலி:
கூல்டவுன் உண்டா இல்லையா என்று மட்டும் ஏன் அடித்துக்கொள்கிறீர்கள்? 2009-ல் வந்த மான்ஸ்டர் ஹன்டர் ட்ரை கேமின் ஸ்விட்ச் ஆக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். கோடாலியாக இருந்தால் வீச்சு நீளம், நகர்வதும் எளிது. வாளாக மாற்றினால் அடி பலம், ஆனால் வெட்ட வெட்ட கேஜ் (ஆற்றல் அளவு) கரையும். தீர்ந்துவிட்டால் கோடாலிக்குத் திரும்பியே ஆக வேண்டும். கூல்டவுன் கடிகாரமே தேவைப்படவில்லை. பிளட்போர்ன் கேமில் இன்னொரு அழகு: அடித்துக்கொண்டே உரு மாற்றினால் அந்த மாற்றமே ஒரு அடியாக விழும்.

உங்கள் ஆயுதத்திலும் ஈட்டிக் குத்தால் கேஜ் ஏறட்டும், கேடயமும் வில்லும் அதைத் தின்னட்டும்.

உலைக்களம்:
கேஜ் காலியாக இருக்கிற நேரம் பார்த்து பாஸ் அடித்தால்? மாதக்கணக்கில் உழைத்து வாங்கிய கேடயம் எழவே மாட்டேன் என்றால் ஆள் கேமையே அழித்துவிட்டுப் போய்விடுவான்.

பழைய கோடாலி:
போகட்டும். முன்கூட்டியே குத்திச் சேர்த்து வைத்தவன் பிழைப்பான்.

வில்லாளி:
பிவிபி (ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் மோதுவது) பற்றி யாரும் பேசவில்லையே. எதிராளிக்குப் பிங் (சர்வருக்குச் செய்தி போய்த் திரும்பும் நேரம்) 200 மில்லிசெகண்ட் என்று வையுங்கள். சர்வரில் மாற்றம் தொடங்கி ஏறக்குறைய 100 கழித்துத்தான் அது அவர் திரையில் தெரியும். பார்த்துக் கை அசைய ஒரு 250. அவர் பதில் சர்வரை எட்ட இன்னொரு 100. ஆக 450 போய்விட்டது. உங்கள் அரை நொடியில் அவருக்கு மிச்சம் 50 மில்லிசெகண்ட். கொஞ்சம் லேக் அடித்தால் அதுவும் இல்லை. மாற்றத்தைப் பார்த்துத் தடுக்கவே முடியாது, ஊகித்துத்தான் தடுக்க வேண்டும்.

உலைக்களம்:
இந்தக் கணக்கை நான் போடவே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். எங்கள் ஆபீஸ் நெட்டில் எல்லாம் வெண்ணெயாக ஓடியது. சரி, பிவிபியில் முக்கால் நொடி, தொடங்கும்போதே எதிராளிக்குக் கேட்கும்படி ஓர் ஒலி. கேஜையும் முயன்று பார்க்கிறேன். ஆனால் ஈட்டிக்குத் திரும்புவது எப்போதும் இலவசம், அதில் கைவைக்க விடமாட்டேன்.

கேடயக்காரி:
என் கேள்வி அப்படியே நிற்கிறது. கேஜ் நிரம்பிய ஒருவர் என் வேலையைச் செய்வார்தானே? கேடய உரு அவரை மட்டும் காக்கட்டும். பாஸின் கவனத்தைத் தன் பக்கம் இழுக்கக் கூடாது, பின்னால் நின்று மற்றவர்களைக் குணமாக்கும் ஹீலரை மறைக்கவும் கூடாது.

உலைக்களம்:
ஹீலரை மறைப்பதுதான் அந்த ஆயுதத்தின் கதையே! அதை உலையில் வார்த்தவன் ஒரு மருத்துவச்சியைக் காக்கத்தான் வார்த்தான்.

கேடயக்காரி:
கதையை மாற்றி எழுதுங்கள்.