கூசு தீவுப் பக்கம் தூண்டில் போட்டவர்கள் உதவுங்கள்

அண்ணன்மார், தம்பி தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம். லாசரஸ் தீவின் தென்பகுதியும் கூசு தீவுப் பவளப்பாறையும் சிங்கப்பூரின் இரண்டாவது கடல் பூங்காவாகலாம் என்று 2024இல் அறிவித்தார்கள் அல்லவா? அதைப் பற்றித் தேசியப் பூங்காக் கழகத்துக்கு ஒரு கடிதம் எழுத நினைக்கிறேன். தனி ஆளாக எழுதினால் அதற்குப் பலம் இருக்காது.

பூங்கா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதல் கடல் பூங்காவான சிஸ்டர்ஸ் தீவுகள் பூங்காவில் மீன்பிடிக்கத் தடை இருப்பது சரிதான். நம் கடலில் ஏறக்குறைய 250 வகைக் கல்பவளங்கள் இருக்கின்றன. பாறையில் சிக்கி அறுந்த தூண்டில் நரம்பு அவற்றைச் சுற்றிக்கொண்டு உராய்ந்தே கொன்றுவிடும். கலவா மாதிரி மீன்கள் பாறையை விட்டு அதிகம் நகராதவை. ஒரே இடத்தில் தொடர்ந்து பிடித்தால் சீக்கிரம் குறைந்துபோகும். ஆனால் பவளத்தின் மேல் தூண்டில் போடுவதும், தள்ளிப்போய் மணல் தரையில் போடுவதும் ஒன்றா? எல்லாவற்றையும் ஒரே கோட்டுக்குள் மூடிவிட்டால், சொந்தப் படகு இல்லாத நம் பெரியவர்கள் எங்கே போவார்கள்? படகு இல்லாமலே தூண்டில் போடக்கூடிய பிடோக் படகுத்துறையில் வார இறுதியில் நிற்க இடம் கிடைப்பதே பாடு.

அந்தப் பக்கம் போனவர்கள் எந்த இடம், எந்த மாதம், என்ன மீன், திரும்ப விட்டீர்களா என்று கீழே எழுதுங்கள். முக்குளிப்பவர்கள் யாராவது இருந்தால், நரம்பு அதிகம் சிக்கிக் கிடக்கும் இடங்களைச் சொல்லுங்கள்; அதையும் மறைக்காமல் கடிதத்தில் சேர்க்க வேண்டும். அப்புறம், ஆங்கிலத்தில் நன்றாக எழுதக்கூடிய ஒருவர் எனக்குக் கட்டாயம் தேவை.