டிரவுட் மீன் வயிற்றில் கல் குழாய்கள், யாராவது பார்த்திருக்கிறீர்களா?

நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். போன ஞாயிறு நீலகிரியில் அவலாஞ்சி பக்கம் அனுமதி வாங்கிப் பிடித்த டிரவுட்டை வீட்டில் சுத்தம் செய்தபோது வயிற்றுக்குள் பதினொரு குட்டிக் குழாய்கள் இருந்தன, ஒவ்வொன்றும் அரிசி மணியைவிடக் கொஞ்சம் நீளம், மணலும் மினுங்கும் காக்காப்பொன் துகளும் வைத்து யாரோ ஊசிமுனையால் அடுக்கி ஒட்டியதுபோல அவ்வளவு நேர்த்தி.

தண்ணீருக்குள் வளரும் கேடிஸ் பூச்சியின் (caddisfly) புழு தன் வாயருகே சுரக்கும் பட்டிழையால் இப்படிக் கூடு கட்டிக்கொள்ளும், டிரவுட் அதைக் கூட்டோடு விழுங்கிவிடும். அது சரி. ஆனால் இரண்டு கூடுகளில் மணலோடு நீல நைலான் இழையும் சேர்ந்திருக்கிறது, அதுதான் மனதை அரிக்கிறது.

எமரால்டு, மேல்பவானி பக்கம் மீன் பிடிப்பவர்கள் இதுபோலப் பார்த்திருந்தால் படம் போடுங்கள். அப்புறம், இவற்றை ஸ்பிரிட்டில் போட்டு வைக்கலாமா, காயவைப்பதா?