‘தீரோ’வுக்குத் தமிழ் என்ன? சனிக்கிழமைக்குள் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

கியூபாவின் சுருட்டுக் கூடங்களைப் பற்றிய ஓர் ஆவணப்படத்துக்குத் துணைவரி எழுதிக்கொண்டிருக்கிறேன். பாகங்களின் பெயர்களை ஒருவாறு முடித்துவிட்டேன். நடுவில் நிரப்புவது உள்ளிலை, அதை இறுக்கிப் பிடிப்பது கட்டிலை, வெளியே சுற்றுவது மேலிலை. மொந்தேகிரிஸ்தோ என்ற வணிகப்பெயரின் 5ஆம் எண் சுருட்டை ஒருவர் புகைத்து மதிப்பிடும் காட்சியில்தான் நின்றுபோனேன். சின்னச் சுருட்டு அது. நீளம் 102 மி.மீ., பருமன் 40, அதாவது ஓர் அங்குலத்தை 64ஆகப் பகுத்தால் அதில் 40 பங்கு. கிட்டத்தட்ட 16 மி.மீ. மணம், காரம், சாம்பல் நிற்கும் விதம் எல்லாம் சொல்லிவிட்டு ‘தீரோ’ நன்றாக இருக்கிறது என்கிறார். வாயால் இழுக்கும்போது சுருட்டு எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பதுதான் தீரோ. ‘இழுப்பு’ என்று போட்டுவைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. வரி திரையில் இரண்டு நொடிதான் நிற்கும்.

*

தம்பி, முதலில் ‘கட்டிலை’யை மாற்றுங்கள். படுக்கும் கட்டில்தான் நினைவுக்கு வருகிறது. ‘கட்டு இலை’ என்று பிரித்தே எழுதலாம்.

‘இழுப்பு’ நம் ஊர்களில் மூச்சுநோயின் பெயர். புகைக்கும் காட்சியில் அது வேண்டாம். என் பரிந்துரை ‘ஈர்வை’. பார் – பார்வை, போர் – போர்வை, தீர் – தீர்வை, ஈர் – ஈர்வை. ஈர்த்தல் என்றால் இழுத்தல், ஈர்தல் என்றால் அறுத்தல். 334ஆம் குறளில் ‘உயிர்ஈரும் வாள்’ அறுக்கிற வாள். வாளை இழுத்துத்தானே அறுக்கிறோம்? இழுத்தல்தான் மூத்த பொருள் என்பது என் துணிபு. ஸ்பானிய மொழியில் தீரோவுக்கு வேரான வினைக்கும் இழுத்தல், எறிதல் என்று இரண்டு பொருள் உண்டு. ஒரே வினை இரு திசைக்குக் கிளைப்பதைப் பற்றித் தனியாகவே ஒரு மடல் எழுத வேண்டும்.

*

ஐயா, சொற்பிறப்பியல் படிக்க இனிமையாக இருக்கிறது. ஆனால் ‘ஈர்வை’யைத் திரையில் பார்ப்பவர் ‘தீர்வை’ என்று படித்து, சுங்கவரி என்று நினைத்துவிடுவார். இரண்டு நொடியில் யார் வேரைத் தேடுவது?

யாழ்ப்பாணத்தில் நாங்கள் சுருட்டுப் ‘பத்துறது’ என்போம். பற்றுதல்தான் அது. இறுகச் சுற்றிய சுருட்டு அகப்பட்டால் அப்பு “புகை வருகுதில்லை” என்று சொல்லிப் பிரித்துப்போடுவார். அந்தச் சொல்லையே பிடித்துக்கொள்வோமே: புகைவரத்து. குளத்துக்கு நீர்வரத்து போல. யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

*

முப்பது வருடம் கப்பலில் இயந்திரப் பொறியாளராக இருந்தவன் நான். சின்னச் சுருட்டுதான் எனக்கு விருப்பம். அரை மணி நேரத்தில் முடியும், வேலைக்குத் திரும்பலாம்.

‘புகைவரத்து’ அழகான சொல், ஆனால் பொருள் நழுவுகிறது அக்கா. தளர்வாகச் சுற்றிய சுருட்டில் புகை ஏராளமாக வரும். சீக்கிரம் எரிந்து சூடேறி நாக்கில் கசக்கும். வரத்து கூடுதல், தீரோ மோசம். கொஞ்சம் தடை இருக்க வேண்டும், அந்தத் தடை அளவாக இருக்க வேண்டும். பருமன் குறைந்த சுருட்டில் இது இன்னும் கடினம். உள்ளே காற்று போக இடமே குறைவு. ஓர் இலை குறுக்கே மடங்கிவிட்டாலும் அடைத்துக்கொள்ளும். ஒருமுறை ஆசையாக வாங்கிய ஒன்றை முனை வெட்டிப் பற்றவைத்தால் கன்னம் வலித்ததுதான் மிச்சம். அதனால்தான் மேலிலை சுற்றுவதற்கு முன்பே, கட்டு நிலையிலேயே, உறிஞ்சும் கருவியில் வைத்துச் சோதிக்கிறார்கள்.

என் ஓட்டு ‘இழுப்பு’க்கே. மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை என்று சொல்லும்போது யாருக்கும் நோய் நினைவு வருவதில்லையே.

*

இன்னொன்று. ‘சுருட்டு’ என்பதே இங்கே பொருந்துமா? ஆங்கிலத்தின் ‘செரூட்’ நம்மிடமிருந்து போன சொல், ஆனால் அது குறிப்பது இரு முனையும் திறந்த வகையை. ஹவானாவில் செய்வதற்கு ஒரு முனை மூடியிருக்கும், வெட்டித்தான் புகைக்க வேண்டும். ‘சிகார்’ என்றே விட்டுவிடலாம்.

*

வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் சுருட்டியதுதானே? சுருட்டு இருக்கட்டும். நம் சொல் ஊர் சுற்றித் திரும்பி வரும்போது வாசலில் நிறுத்தலாமா?

*

நண்பர்களே, நாளை காலை கொடுத்தாக வேண்டும். எண்ணிப் பார்த்தேன்: புகைவரத்துக்கு ஐந்து பேர், இழுப்புக்கு மூன்று பேர், ஈர்வைக்கு ஐயா ஒருவர். பொறியாளர் அண்ணன் சொன்ன குறையைப் போக்க ‘அளவாக’ என்று ஒரு சொல் சேர்க்கிறேன். “புகைவரத்து அளவாக இருக்கிறது.” இரண்டு நொடிக்குள் படித்துவிடலாம். எல்லோருக்கும் நன்றி.

*

தம்பி, அந்த வரிக்குச் சரி. ஆனால் அதே படத்தில் கருவியில் வைத்துச் சோதிக்கும் காட்சி வந்தால் என்ன எழுதுவீர்கள்? அங்கே சுருட்டைப் பற்றவைத்திருக்க மாட்டார்கள். வருவது வெறும் காற்று. அதைப் புகைவரத்து என்று எப்படிச் சொல்வது?

*

அதற்குத்தான் ஈர்வை என்றேன்.